உடம்பளவு நீண்ட மூக்கு

வெள்ளவத்தை வாசகி ஒருவருக்கு இங்கிலாந்தில் இருக்கும் மகன் ஒரு தேனீயின் படம் அனுப்பியிருக்கிறார். "உடம்பு நீளத்துக்குக் கொம்பு இருக்கிறதே, எதற்கு? கொட்டுமா?" என்று கேட்கிறார்.

கொட்டாது. படத்தில் இருப்பது ஆண். முட்டையிடும் உறுப்பு உருமாறித்தான் கொடுக்கு வந்தது, ஆகவே பெண்ணுக்கு மட்டுமே அது உண்டு. இனத்தின் பெயர் யூசெரா லோங்கிகோர்னிஸ். நம் வீட்டுத் துளசிக்கு வரும் நீலவரித் தேனீயைப் போல இதுவும் கூட்டமாக வாழ்வதில்லை. பெண் தனியாக மண்ணில் வளை தோண்டி, பெரும்பாலும் அவரைக் குடும்பத்துப் பூக்களின் மகரந்தத்தைச் சேர்த்து முட்டையிடும். பூ நிறைந்த புல்வெளிகள் அழிந்ததால் பிரித்தானியாவில் இது அரிதாகிவிட்டது.

சரி, கொம்புக்கு வருவோம். அதுதான் தேனீயின் மூக்கு. ஆண்கள் சில நாள் முந்தியே வெளிவந்து, மண்ணிலிருந்து புதிதாக எழும் பெண்ணைத் தேடி அலைகின்றன. முதலில் மோப்பம் பிடிப்பதற்கே வாய்ப்பு. அந்தக் கொம்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நீளநெடுகச் சின்னஞ்சிறு தட்டுகள், ஒவ்வொன்றிலும் சல்லடை போல நுண்துளைகள். காற்றில் வரும் வாசனை மூலக்கூறு கொம்பின் மெழுகுப் பரப்பில் ஒட்டி, துளை வழியே உள்ளே இறங்குகிறது. உள்ளே திரவம். அதில் மிதக்கும் புரதமொன்று மூலக்கூறைப் பிடித்து நரம்பு முனையில் சேர்க்கிறது, அங்கிருந்து மின்துடிப்பு மூளைக்குப் போகிறது. கொம்பு நீண்டால் தட்டுகளுக்கு இடம் கூடும். தட்டு கூடினால் காற்றில் மெலிந்துபோன மணமும் தப்பாது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத பகுதி இது.

இவ்வளவு கூர்மையான மூக்கையும் ஒரு பூ ஏமாற்றுகிறது! மத்தியதரைக் கடல் நாடுகளின் ஓபிரிஸ் ஓர்க்கிட்டுகளில் சில, பெண் தேனீயின் உடலின் மேற்பரப்பில் உள்ள மெழுகு வேதிப்பொருட்களைத் தாமே உண்டாக்குகின்றன. இதழும் பெண்ணைப் போலவே மயிரடர்ந்தது. ஆண் வந்து இணையப் பார்க்கும். மகரந்தப் பொதி தலையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவிலும் அதே ஏமாற்றம், மகரந்தம் இடம் மாறிவிடும். தேன் ஒரு துளியும் கிடைக்காது.

தேன் தராத பூச்சியை ஆராயப் பணம் கேட்டால் இங்கே பலர் கையை விரிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு பூ எந்தத் தேனீயை நம்பியிருக்கிறது என்று தெரியாமல் எந்தக் காட்டைப் பாதுகாக்கப் போகிறோம்?

இந்த ஓர்க்கிட்டுகளில் ஒன்று பிரித்தானியாவிலும் வளர்கிறது. அங்கே அது தேனீக்காகக் காத்திருப்பதில்லை. மகரந்தப் பொதியின் மெல்லிய காம்பு தானாக வளைந்து தொங்கும், காற்று அதை ஆட்டி அதே பூவின் சூலகமுடியில் சேர்த்துவிடும். சார்ல்ஸ் டார்வின் 1862 இல் இதை விவரித்து வியந்திருக்கிறார்.