மீன் மேலே வந்தால் முதலில் வெப்பமானியை எடுங்கள்

மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கிறது, தீவனத்தைத் தொடுவதில்லை என்று சொல்லி வரும் பண்ணையாளர்கள், என்ன மருந்து போடலாம் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுகிறார்கள். தண்ணீர் எத்தனை டிகிரியில் இருந்தது என்று நாம் திருப்பிக் கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

மீனின் உடல் வெப்பம் அநேகமாகத் தண்ணீரின் வெப்பமேதான். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்கள் மூன்றும் 25 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக மேய்ந்து வளரும். அதற்கு மேல் போகப்போக மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் கூடுகிறது. தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜனோ குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரைவது, 30 டிகிரியில் ஏழரையாக இறங்கிவிடும். இரவில் பாசியும் அதையே சுவாசிப்பதால் விடியற்காலையில் மீன் மேலே வருகிறது. வெயில் ஏறியதும் கீழே இறங்கிவிட்டால் அது பெரும்பாலும் நோயாக இராது. ஏறிய பிறகும் மிதந்துகொண்டே இருந்தால் செவுளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கோடை மழைதான் இதில் அதிகம் ஏமாற்றுவது. பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி, மேல்மட்டத்திலும் தரைக்கு ஓரடி மேலேயும் அளந்தால், ஆழமான குட்டைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். சூடான நீர் எடை குறைந்து மேலே நிற்க, அடிநீர் காற்றுப் படாமல் கிடக்கிறது. சேற்றில் அழுகும் தீவன மிச்சம் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. திடீர் மழையில் மேல்நீர் குளிர்ந்து இரண்டு அடுக்கும் கலக்கும்போது, குளம் முழுவதிலும் ஆக்சிஜன் சரிந்து, மறுநாள் காலையில் மீன் செத்து மிதக்கிறது. யாரோ விஷம் கலந்துவிட்டதாகப் பக்கத்து வயல்காரர் மேல் சந்தேகம் போவதும் உண்டு. ஆக்சிஜன் குறைவில் பெரும்பாலும் பெரிய மீன்களே முதலில் சாகும் என்பதை அந்நேரத்தில் நினைவில் கொள்வது நல்லது.

மழை மேகம் திரண்டால் மாலைத் தீவனத்தை நிறுத்திவிட்டு, நள்ளிரவு முதல் விடியும்வரை ஏரேட்டரை, அதாவது நீரில் காற்றைக் கலக்கும் கருவியை, ஓட்டலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும் என்பதால், அதை உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் பசி மந்தமாகிறது. கோடையில் போட்ட அளவையே அப்போதும் போட்டால் மிச்சம் அழுகி அம்மோனியா கூடும். குளத்தில் தொங்கவிட்ட தீவனப் பையை இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்து, மீந்திருந்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளலாம். உடம்பில் சிவந்த புண் தோன்றுவதும் பெரும்பாலும் இந்தக் குளிர் மாதங்களில்தான். அப்படிப் புண் கண்டால் காத்திராமல் ஆலோசனை பெறுங்கள்.

விரலிகளை, அதாவது விரல் நீள மீன் குஞ்சுகளை, குளத்தில் இருப்பு விடும்போது, அவை வரும் பையை வந்தவுடன் அறுத்துக் கொட்டாமல், மூடியபடியே கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் விட்டு, அவை தாமாக நீந்தி வெளியேறும்படி பையைச் சாய்த்துப் பிடியுங்கள்.