எழுவாய் யார்? பத்திரிகைச் சட்டமும் யூதர்கள் மீதான அவதூறும்

பாரிஸில் பத்திரிகை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராகிய எனக்கு, நீதிமன்றத்தில் நிற்கும் நேரத்தைவிட, அச்சுக்குப் போகும் முன் கட்டுரைகளை வாசிக்கும் நேரமே அதிகம். ஒருநாள் மாலை, வீட்டு மனை நிறுவனம் ஒன்றின் முறைகேடுகளைப் பற்றி இளம் செய்தியாளர் ஒருவர் எழுதிய கட்டுரை என் மேசைக்கு வந்தது. மாதக்கணக்கில் அலைந்து திரட்டிய ஆவணங்களும் பிசகில்லாத கணக்குகளும் அதில் இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம், உரிமையாளர் யூதர் என்பதைச் சுட்டிவிட்டு, "அந்தச் சமூகத்தின் பணபலம்" எதையும் சாதித்துக்கொள்ளும் என்று சொல்லியது. எழுதியவர் யாரையும் வெறுப்பவர் அல்லர். காதில் விழுந்து பழகிய சொல் தானாகவே எழுத்தில் இறங்கியிருந்தது. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: இந்த வாக்கியத்தின் எழுவாய் யார்?

பள்ளிக்கூட இலக்கணக் கேள்வி போலத் தோன்றினாலும், பிரான்சில் கருத்துரிமைக்கும் யூதர்கள் மீதான அவதூறுக்கும் இடையே கோடு விழும் இடம் பெரும்பாலும் இதுவே.

1881 ஜூலை 29 அன்று இயற்றப்பட்ட பத்திரிகைச் சுதந்திரச் சட்டம், அச்சுத் தொழிலும் நூல் விற்பனையும் சுதந்திரமானவை என்று தன் முதல் பிரிவிலேயே அறிவித்தது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்கும் அது பொருந்தும் என்பதால், 1908இல் பாரதியாரின் 'இந்தியா' இதழ் சென்னையை விட்டு வந்து அச்சேறிய புதுச்சேரியிலும் நடப்பில் இருந்தது இந்தச் சட்டமே. அதன் 29ஆம் பிரிவு அவதூறை வரையறுக்கிறது: ஒருவருடைய அல்லது ஓர் அமைப்பினுடைய மானத்தையோ மதிப்பையோ குலைக்கும் செயல் ஒன்றை அவர்மேல் சுமத்துவது. பிறப்பாலும் மதத்தாலும் ஒன்றுபட்ட மக்களைப் பற்றி அன்றைய சட்டம் எதுவும் பேசவில்லை.

அந்த இடைவெளியின் விலை 1892இல் தெரிந்தது. யூத வெறுப்பைப் பரப்பிய எதுவார் துருமோன் தொடங்கிய 'லா லிபர் பரோல்' என்ற நாளேடு, ஓகுஸ்த் புர்தோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் யூத வங்கியாளர்களான ரோத்ஷீல்டு குடும்பத்தாரிடம் பணம் வாங்கினார் என்று எழுதியது. புர்தோ வழக்குத் தொடுத்தார், துருமோனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே நாளேடு அதே ஆண்டில், ராணுவத்தில் உள்ள யூத அதிகாரிகளின் விசுவாசத்தைச் சந்தேகித்துத் தொடர் வெளியிட்டபோது, யூதர்கள் என்ற வகையில் அவர்கள் நீதிமன்றத்தில் காட்டுவதற்கு ஒரு பிரிவும் இருக்கவில்லை. அவர்களில் சிலர் வாட்போருக்கு அழைப்பு விடுத்தார்கள். அந்தத் தொடர் மூட்டிய மோதல்களின் வரிசையில், ஜூன் மாதம், ஆர்மான் மேயர் என்ற யூத கேப்டன் வாட்போரில் உயிரிழந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, உளவாளி என்று பொய்யாகத் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸுக்காக எழுதிய நாவலாசிரியர் எமில் ஜோலாவுக்கு இதே பத்திரிகைச் சட்டத்தின் கீழ் ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டன. அவதூறுச் சட்டத்தைக் கூர்மையாக்க வேண்டும் என்று யாரேனும் என்னிடம் சொல்லும்போதெல்லாம் இவ்விரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். ஆயுதம் யார் கைக்குப் போகும் என்பதைச் சட்டம் எழுதுபவர் முன்கூட்டி அறிய முடியாது.

இன, மத அடிப்படையிலான அவதூறு 1939 ஏப்ரல் 21ஆம் நாளின் மார்ஷாந்தோ ஆணையால் முதன்முறையாகக் குற்றமானது. ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றபின் நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசு, பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, 1940 ஆகஸ்ட் 27 அன்று, அந்த ஆணையை நீக்கியது. இன்று நாங்கள் கையாளும் வடிவம் 1972 ஜூலை 1ஆம் நாள் சட்டத்திலிருந்து வருவது. இனவெறியை எதிர்க்கும் சங்கங்களும் வழக்கில் தரப்பாக நிற்கும் உரிமையை அதுவே தந்தது. தண்டனை ஓராண்டுச் சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை போகலாம்.

வாசகர்கள் அறியாதது, இந்தச் சட்டம் கருத்துரிமையை எங்கே காக்கிறது என்பது. பெரிய கொள்கை முழக்கங்களைவிட, அலுப்பூட்டும் நடைமுறை விதிகளே அதைக் காக்கின்றன. வழக்குத் தொடுப்பவர் எந்தச் சொற்கள், எந்தப் பிரிவின் கீழ் குற்றம் என்று அழைப்பாணையில் துல்லியமாகக் குறிக்க வேண்டும். அவதூறு என்று கொண்டுவந்ததை வசைமொழி என்று நீதிபதி பின்னர் மாற்றிக்கொள்ள முடியாது; இனவெறிப் பேச்சு வழக்குகளில் மட்டும் 2017 முதல் அதற்கு இடமுண்டு. சாதாரண அவதூறுக்குக் காலவரம்பு மூன்று மாதம். இனவெறி அவதூறுக்கு 2004 முதல் ஓராண்டு. முதலில் பதில் சொல்ல வேண்டியவர் இதழின் வெளியீட்டு இயக்குநர். எழுதியவர் அவருக்கு உடந்தையாகவே நிறுத்தப்படுகிறார்.

இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை 2002 ஜூன் 4 அன்று 'லெ மோந்த்' நாளேட்டில் வந்த கட்டுரை காட்டியது. யூதக் குடும்பத்தில் பிறந்த சிந்தனையாளர் எட்கார் மோரன் வேறு இருவருடன் சேர்ந்து எழுதிய அக்கட்டுரை, இஸ்ரேல் அரசின் கொள்கையைக் கண்டித்தது. சில வரிகளில் மட்டும், அவமதிக்கப்பட்ட யூதர்கள் இன்று பாலஸ்தீனர்களை அவமதிக்கிறார்கள் என்ற பொருள்பட எழுவாய் அரசிலிருந்து மக்களுக்குத் தாவியது. முதல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2005 மே மாதம் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை இன அவதூறு என்று தீர்த்து, ஆசிரியர்களோடு நாளேட்டின் இயக்குநரையும் பொறுப்பாக்கியது. 2006 ஜூலை 12 அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதைக் கவிழ்த்தது: ஒரு கொள்கையை விமர்சிக்கும் கட்டுரையிலிருந்து பிய்த்தெடுத்த அவ்வரிகள், யூத மக்கள் முழுவதன்மீதும் குறிப்பான செயல் எதையும் சுமத்தவில்லை, அவை கருத்து விவாதத்துக்கு உட்பட்டவை என்றது.

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரை அச்சுக்கு முன் என்னிடம் வந்திருந்தால், அவ்வரிகளில் "யூதர்கள்" இருந்த இடத்தில் அரசையோ படையையோ எழுதச் சொல்லி வாதாடியிருப்பேன். கண்டனத்தின் கடுமை ஒரு துளியும் குறைந்திருக்காது. தண்டிக்கத் தகாத வாக்கியம் எல்லாம் எழுதத் தக்க வாக்கியம் ஆகிவிடுவதில்லை.

பயங்கரவாதத்தைப் போற்றும் பேச்சை 2014இல் பத்திரிகைச் சட்டத்திலிருந்து பொதுத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றியதுபோல, இனவெறிப் பேச்சையும் மாற்ற வேண்டும் என்ற குரல் இங்கே வலுத்து வருகிறது. யூதர்கள் மீதான வெறுப்பு பெருகுவதைக் கண்டு எழும் அந்தக் குரலின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் மேலே சொன்ன நடைமுறைக் காப்புகள் அந்த மாற்றத்தில் கழன்று போகும் என்பதால் அதை எதிர்க்கிறேன்.

அன்று மாலை அந்தச் செய்தியாளர் வாக்கியத்தை மாற்றி எழுதினார். சமூகத்தின் பெயர் போய், நிறுவனத்தின் பெயரும் கைமாறிய தொகையும் தேதியும் வந்தன. இப்போது அந்த நிறுவனம் வழக்குத் தொடுக்கலாம்; தொடுத்தால், உண்மையை நிரூபிக்க விரும்புவதாகச் சொல்லி ஆவணங்களை எதிர்த்தரப்புக்குத் தர எங்களுக்குச் சட்டம் கொடுப்பது பத்தே நாள். அவற்றை அன்றிரவே பிரதியெடுத்து, எண்ணிட்டு, அலமாரியில் பூட்டினோம்.