யோசனைப் பெட்டியின் சாவி யாரிடம்?

சிங்கப்பூரில் பல வேலையிடங்களின் கேண்டீன் சுவரில் ஒரு யோசனைப் பெட்டி தொங்கும். பூட்டு துருப்பிடித்திருக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. "நம்ம ஆளுங்க வாயே திறக்க மாட்டாங்க" என்று அலுத்துக்கொள்ளும் மேலாளர் முதலில் அந்தப் பூட்டைத் திறக்கட்டும். ஊழியர் வாய் மூடிக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: போன முறை சொன்னவருக்குப் பதில் வரவில்லை.

இது இங்கே புதிய விஷயமில்லை. 1981இல் உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கி, மறு ஆண்டு அதன் சின்னமான டீமி தேனீ சுவரொட்டிகளில் வந்த காலத்திலேயே, தரக் கட்டுப்பாட்டு வட்டங்களில் ஊழியர்கள் குழுவாக உட்கார்ந்து பேசினார்கள்.

யோசனை கேட்க, காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கின் கடைசி ஐந்து நிமிடம் போதும். "ஏதாவது யோசனை இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். "நேத்து எந்தச் சாமானைத் தேடி அலைஞ்சீங்க?" என்று கேளுங்கள், பேச்சு வரும். ஆங்கிலப் படிவத்தை நீட்டாதீர்கள். தமிழில் ஒரு நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவு போதும். எழுதிக்கொள்பவர் அதை யோசனை சொன்னவரிடமே திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும். மொழிமாற்றத்தில்தான் பாதி யோசனை திரிகிறது.

"அண்ணே, கட்டிங் டிஸ்க் எடுக்க ஸ்டோருக்கு நடந்தே நேரம் போகுது. இங்கயே ஒரு பெட்டி வச்சா என்ன?"

"சொன்ன வேலையைப் பாரு" என்று முறைப்பார் சூப்பர்வைசர்.

கணக்குப் போடுவோம். 40 பேர், நாளுக்கு 2 தடவை, தடவைக்கு 6 நிமிடம் என்றால் 480 நிமிடம். தினமும் ஒருவருடைய 8 மணி நேரம் நடையிலேயே போகிறது. டிஸ்க் காணாமல் போகும் என்பார் ஸ்டோர்கீப்பர். அவர் கவலையும் நியாயம்தான். தேய்ந்ததைக் கொடுத்தால்தான் புதியது என்று வைத்து, ஒரே இடத்தில் இரண்டு வாரம் சோதித்துப் பார்க்கலாம். சூப்பர்வைசர் முறைப்பதற்கும் காரணம் உண்டு: "இவ்வளவு நாள் உனக்கு ஏன் தோணல?" என்று மேலே கேட்பார்கள். அவர் குழுவிலிருந்து வரும் யோசனைகளை அவருடைய ஆண்டு மதிப்பீட்டிலும் சேருங்கள், முறைப்பு குறையும்.

3 நாளில் "கிடைத்தது" என்ற தகவல், 7 வேலை நாளில் முடிவு. மறுப்பதானால் காரணத்தை நேரில், தனியாகச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் பொறுப்பாளர் பெயரும் தேதியும் இல்லாமல் "பரிசீலனையில்" என்று மட்டும் எழுதினால் அந்த யோசனை செத்தது என்றே ஊழியர் எடுத்துக்கொள்வார்.

"சாரத்துப் பலகை ஆடுது" என்பது யோசனை அல்ல. அதைப் பெட்டியில் போடச் சொல்லக் கூடாது. உடனே வேலையை நிறுத்திப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலை, கட்டுமானத் தளம் போன்ற வேலையிடத்தில் சட்டப்படி பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டும். பிறகு விவரம் அங்கே போகட்டும்.

பரிசைப் பொறுத்தவரை, மிச்சமான பணத்தில் பங்கு என்றால் யார் முதலில் சொன்னது என்ற சண்டைதான் மிஞ்சும். ஏற்ற ஒவ்வொரு யோசனைக்கும் 10 வெள்ளி பற்றுச்சீட்டு போதும். ஆனால் யோசனையால் ஆள்குறைப்பு வராது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஒருவருக்கு வேலை போனால் அடுத்த நாளே எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள்.

பழைய பெட்டியில் சீட்டுகள் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். எழுதியவர் இன்னும் வேலையில் இருந்தால் அவரைத் தேடிப்போய்ப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் புது அறிவிப்பை ஒட்டுங்கள்.