ஆர்க்டிக்ல எண்ணெய் தேடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்கணும், ஆனா எப்படிக் கேப்பாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

கனடாவோட வடக்குக் கோடியில, நுனாவுட்ல, எண்ணெய், எரிவாயு வேலைக்கு பர்மிஷன் குடுக்கறதுன்னா அதனால அங்க பூர்வகுடிகளான இனுயிட் மக்களோட உரிமை பாதிக்கப்படும்னு தெரிஞ்சா அரசு முன்கூட்டியே அவங்களோட கலந்து பேசித்தான் ஆகணும். இதுக்கு அடிப்படை அரசியல் சட்டம் 35ஆவது பிரிவு, 1993 நுனாவுட் ஒப்பந்தம், 2004ல வந்த ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பின்னணி அவ்ளோதான், அதுக்கு மேல தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. பேப்பர்ல இருக்கற உரிமை ஆபீஸ் வாசல்ல எப்படி கரையுதுங்கறதுதான் விஷயம், அதுக்கு கிளைட் ரிவர்ல நடந்தத பாத்தாலே போதும்.

பாஃபின் தீவுல சுமார் ஆயிரம் பேர் இருக்கற ஊர் அது. 2011ல கம்பெனிங்க சேந்து பாஃபின் விரிகுடாவுலயும் டேவிஸ் ஜலசந்தியிலயும் சீஸ்மிக் சர்வே பண்ணணும்னு இந்த மாதிரி வேலைக்கு பர்மிஷன் குடுக்கற அரசு அமைப்பான நேஷனல் எனர்ஜி போர்டுகிட்ட அப்ளிகேஷன் போட்டாங்க. கப்பலுக்குப் பின்னாடி ஏர்கன் கட்டி இழுத்துட்டுப் போய் தண்ணிக்குள்ள வெடிச்சத்தம் விடுவாங்க, திரும்பி வர்ற எதிரொலிய வெச்சு கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு பாப்பாங்க. ஜூலைல இருந்து நவம்பர் வரைக்கும், இப்படி அஞ்சு வருஷம். நார்வால் திமிங்கலமும் சீலும் வேட்டையாடி சாப்பிடற ஜனங்களுக்கு இது அடுப்படி சமாச்சாரம்.

2013ல கம்பெனிக்காரங்க ஊர் ஊரா வந்து கூட்டம் போட்டாங்க. எந்தெந்த கடல் பிராணிக்கு பாதிப்பு வரும்னு ஒருத்தர் கேட்டா, அது கஷ்டமான கேள்வி, நாங்க அதுல நிபுணர் இல்லைங்கற மாதிரி பதில். அப்புறம் வந்தது பாருங்க பதில், 3,926 பக்கம்! இன்டர்நெட்ல போட்டாச்சு, ஊர் ஆபீஸுக்கும் அனுப்பியாச்சு, முடிஞ்சது. அங்க நெட் ஆமை வேகம், நிறைய பேரால அந்த ஃபைல டவுன்லோடே பண்ண முடியல, அவங்க பேசற இனுக்டிட்டூட் மொழியில மொழிபெயர்த்தது அதுல கொஞ்சூண்டுதான். நான் வேற ஊர்ல வேற ஆபீஸ்லயும் இதே ஆட்டத்தப் பாத்திருக்கேன், கேள்வி கேட்டா பதில் வராது, கட்டு கட்டா ஃபைல் வரும்.

2014 ஜூன்ல போர்டு பர்மிஷன் குடுத்துடுச்சு, 2015ல அப்பீல் கோர்ட்டும் சரின்னு சொல்லிடுச்சு. ஊர் நிர்வாகம், வேட்டைக்காரங்க சங்கம், மேயரா இருந்த ஜெர்ரி நடானின் எல்லாரும் விடாம சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2017 ஜூலை 26 அன்னிக்கு பர்மிஷன் ரத்து. ஆறு வருஷம்.

இப்ப மாட்டிக்கற இடங்களுக்கு வருவோம். முதல்ல, இந்த உரிமை தனி ஆளுக்கு இல்ல, சமூகத்துக்கு. நீங்க எவ்ளோ பெரிய வேட்டைக்காரரா இருந்தாலும் தனியா லெட்டர் போட்டா "உங்க கருத்துக்கு நன்றி"ன்னு ஒரு பதிலோட நின்னுடும், அதனால சங்கம் லெட்டர்ஹெட்லயோ ஊர் நிர்வாகம் மூலமாவோ போங்க.

ரெண்டாவது பெரிய குழி, யார்கிட்ட பேசறோம்னே தெரியாம பேசறது. அரசாங்கம் நேர்ல வராது, போர்டு நடத்தற விசாரணையே எங்க கலந்தாலோசனைன்னு சொல்லிடலாம், கோர்ட்டும் அத ஒத்துக்குது, ஆனா அத முன்னாடியே உங்ககிட்ட தெளிவா சொல்லணும். கிளைட் ரிவர்ல சொல்லவே இல்ல. அதனால முதல் கூட்டத்துலயே "இதுதான் அரசோட கலந்தாலோசனையா, ஆமா இல்லைன்னு எழுத்துல குடுங்க"ன்னு கேளுங்க. வாயால சொன்னா அது காத்துல போயிடும்.

அப்புறம் "சுற்றுச்சூழலுக்கு பெரிய பாதிப்பு இல்லை"ங்கற வரி. இத நம்பி ஏமாறாதவங்க கம்மி. திமிங்கலம் சாகாதுன்னு சொல்றதும் உங்க வேட்டை உரிமை பாதிக்காதுன்னு சொல்றதும் ஒண்ணு கெடையாது, திமிங்கலம் உயிரோட வழிய மாத்திக்கிட்டு போனாலும் உங்க தட்டு காலிதானே! போர்டு முதல் கேள்விய மட்டும் பாத்துட்டு ரெண்டாவத விட்டுடுச்சுன்னுதான் கோர்ட் புடிச்சுது. அதனால எழுதும்போது "கடல் கெடும்"னு மட்டும் எழுதாதீங்க, எந்த மாசம், எந்த இடம், என்ன வேட்டைன்னு எழுதுங்க.

செலவுக்குப் பணமும் நேர்ல பேச வாய்ப்பும் கேளுங்க, குடுக்கலைன்னா குடுக்கலைன்னு பதிவு பண்ணுங்க. கிளைட் ரிவருக்கு ரெண்டும் கிடைக்கல, அது கேஸுக்கு உதவுச்சு. அதே நாள் ஒண்டாரியோ பைப்லைன் வழக்குல சிப்பேவாங்கற இன்னொரு பூர்வகுடி மக்கள் தோத்தாங்க, அவங்களுக்கு சுமார் 39,000 டாலர் குடுத்திருந்தாங்க, நேர்லயும் பேச விட்டிருந்தாங்க, அது போதும்னு கோர்ட் சொல்லிடுச்சு. இதுல இன்னொண்ணு, ஒழுங்கா கலந்து பேசி உங்க கவலைக்கு எடம் குடுக்கணும், ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னா நிறுத்தணும்னு கட்டாயம் இல்ல. இது வீட்டோ பவர்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

முடிவு கைக்கு வந்த நாள்ல இருந்து ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுக்கு மனு போட பொதுவா 30 நாள்தான். 3,926 பக்கம் படிக்க உங்களுக்கு எவ்ளோ நாள் ஆகும்னு அவங்களுக்கு கவலை இல்ல, லாயர முன்னாடியே புடிச்சு வெச்சுக்கோங்க.

2016 டிசம்பர்ல ஆர்க்டிக் கடல்ல புது லைசென்ஸ் கிடையாதுன்னு கனடா அறிவிச்சது, 2019ல போர்டுக்குப் பதிலா கனடா எனர்ஜி ரெகுலேட்டர்னு புது அமைப்பு வந்துடுச்சு. ஆனா அந்தத் தடையே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனைக்கு வரும்னுதான் போட்டிருக்கு, அதனால பழைய லெட்டர் நகல், கூட்டத்துல கேட்ட கேள்வி, தேதி எதையும் தூக்கிப் போடாதீங்க.