பெரிய மூலநிரலை இறக்கிப் பராமரிப்பது எப்படி?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் போன்ற பெரிய மென்பொருளின் மூலநிரலைப் பெற இரண்டு வழிகள் உண்டு. குறிப்பிட்ட ஒரு வெளியீட்டின் கோப்புகளை மட்டும் கட்டிச் சுருக்கிய டார்பாலை இறக்கிக்கொள்ளலாம். அல்லது நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியத்தையே வரலாற்றோடு நகலெடுத்துக்கொள்ளலாம், அதாவது குளோன் செய்துகொள்ளலாம். எது சீக்கிரம் இறங்கும் என்று பார்த்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். அதைவிட, இறக்கிய நிரலை எவ்வளவு காலம் வைத்திருந்து பராமரிக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்வது நல்லது.

கெர்னலின் அண்மைய டார்பால் ஏறத்தாழ 140 மெகாபைட். முழுக் குளோனோ சில ஜிகாபைட்டுகள் பிடிக்கும். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை உருவாக்கியது முதல் அதில் பதிவான ஒவ்வொரு மாற்றமும் குளோனில் சேர்ந்து வருவதே இதற்குக் காரணம். இன்று கமிட் எனப்படும் அந்தப் பதிவுகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அத்தனையும் சில ஜிகாபைட்டுகளுக்குள் அடங்குவதுதான் உண்மையில் வியப்புக்குரியது. கிட் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்துக்கும் ஒரு கைரேகை எண்ணைக் கணக்கிட்டு, அதையே அதன் பெயராக வைத்துச் சேமிக்கிறது. மாறாத கோப்பு எத்தனை கமிட்டுகளில் இடம்பெற்றாலும் ஒரே ஒரு முறைதான் சேமிக்கப்படும். சற்றே மாறிய கோப்புகளைப் பொதியாக்கும்போது, ஒன்றை முழுமையாகவும் மற்றவற்றை அதிலிருந்து வேறுபடும் பகுதிகளாகவும் எழுதிவைக்கிறது.

இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும் இடத்தில் குளோன் செய்வது பெரும் சோதனை. டார்பால் என்பது வழங்கியில் (சர்வரில்) மாறாமல் இருக்கும் ஒரு கோப்பு. பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குளோனுக்கான பொதியையோ வழங்கி பொதுவாகக் கேட்கும் நேரத்தில்தான் தயாரிக்கிறது. அடுத்த முறை அதே பைட்டுகள் அதே வரிசையில் வரும் என்ற உறுதி கிடையாது. அதனால் தொண்ணூறு விழுக்காட்டில் அறுந்தாலும் மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும். இதற்கு மாற்றாகச் சில திட்டங்கள் களஞ்சியத்தை முன்கூட்டியே ஒரே கோப்பாக்கி, ‘பண்டில்’ என்ற பெயரில் வைத்திருக்கின்றன. அதைச் சாதாரணக் கோப்பைப் போல, இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறக்கி, அதிலிருந்து குளோன் செய்து, பிறகு வந்த கமிட்டுகளை மட்டும் வழங்கியிடம் கேட்டுப் பெறலாம்.

அண்மைய கமிட்டை மட்டும் எடுக்கும் ‘ஷாலோ’ குளோன் சிறியது, விரைவானது. ஆனால் அதில் வரலாறு இல்லை. பழைய பதிப்பில் ஒழுங்காக ஓடிய ஒன்று புதியதில் பழுதாகிவிட்டால், பழுதைக் கொண்டுவந்த கமிட்டை இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் வசதி கிட்டில் உண்டு. நேர்வரிசையில் அமைந்த பத்து லட்சம் கமிட்டுகளில்கூட இருபது சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும். ஷாலோ குளோனில் அந்த வாய்ப்பே இல்லை. ஆகவே நீண்ட காலம் நிரலோடு இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பகுதிக் குளோன். அதில் எல்லாக் கமிட்டுகளும் அடைவுப் பட்டியல்களும் வந்துவிடும். பழைய கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் தேவைப்படும்போது இறங்கும். அந்நேரத்தில் இணைப்பு இருக்கவேண்டும் என்பதே இதன் விலை.

நிரலில் சொந்த மாற்றங்களைச் செய்பவர் டார்பாலை நம்பினால், ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் தம் மாற்றங்களை, எந்த வரி எப்படி மாறியது என்று மட்டும் சொல்லும் பேட்ச் கோப்புகளாகத் தூக்கிச் சுமக்கவேண்டும். சுற்றியுள்ள வரிகள் மாறியிருந்தால் பேட்ச் பொருந்தாமல் மறுக்கப்படும். குளோனில் அவற்றைத் தனிக் கிளையில் வைத்துப் புதிய வெளியீட்டின் மேல் மறுபடி அடுக்கலாம். மோதல் அங்கும் வரும். ஆனால் எதிரே இருக்கும் வரியை யார், எதற்காக மாற்றினார்கள் என்பதை அங்கேயே பார்த்துத் தீர்க்கமுடியும்.

எந்த வழியில் வந்தாலும், நிரல் உரியவரிடமிருந்து மாறாமல் வந்ததா என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பது கட்டாயம். கெர்னல் டார்பாலின் கையொப்பம் சுருக்கத்தை நீக்கிய கோப்புக்கு உரியது. சுருக்கிய கோப்பை அப்படியே சோதித்தால் பொருந்தாது. ஆயினும் கையொப்பம் மட்டும் போதாது என்பதை 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்.இசட். விவகாரம் காட்டியது. அந்தச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில், வெளியாள் கள்ளத்தனமாக நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. அதற்கான நச்சு நிரல் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் களஞ்சியத்திலேயே கிடந்தது. மூலநிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும்போது அதை உயிர்ப்பிக்கும் கட்டமைப்பு நிரலோ டார்பாலில் மட்டுமே இருந்தது. பராமரிப்பாளர் பொறுப்பில் இருந்த ஒருவரே அதைச் செய்ததால் கையொப்பத்தில் குறை காண முடியவில்லை. டார்பாலைக் களஞ்சியத்தில் அதே வெளியீடாகக் குறியிடப்பட்ட கமிட்டோடு ஒப்பிட்டிருந்தால் அந்தக் கூடுதல் வரிகள் தெரிந்திருக்கும். ஆனால் கட்டமைப்புக் கருவிகள் தாமாக உருவாக்கும் கோப்புகள் டார்பாலில் கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதால், ஒப்பிட்டவர்களும் அவற்றைப் படிக்காமல் கடந்துபோயிருக்கக்கூடும். கோப்புகளைப் பட்டியலிட்டு நிறுத்திவிடாமல், களஞ்சியத்தில் இல்லாத ஒவ்வொன்றையும் அதே கருவியால் மறுபடி உருவாக்கி வரிவரியாக ஒப்பிடுவதே அதைப் பிடிக்கும் வழி.