சினைப்பைப் புற்றணு பூசிக்கொள்ளும் சர்க்கரை

"அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். சர்க்கரைதான் அதற்குத் தீனி, அடியோடு நிறுத்து என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நிறுத்தலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இந்தப் புற்றுநோய்க்கும் சர்க்கரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆனால் அந்தச் சர்க்கரை காபி டம்ளரில் இல்லை, உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கிறது.

உயிரணுப் படலத்தில் பதிந்த புரதங்களிலிருந்து சர்க்கரைச் சங்கிலிகள் கிளை கிளையாக வெளியே நீண்டிருக்கும். ரத்தத்தில் ஏ வகை, பி வகை என்கிறோமே, அதுவே சிவப்பணுவின் மேலுள்ள சங்கிலி எந்தச் சர்க்கரையில் முடிகிறது என்பதுதான். உயிரணுவுக்குள் புரதங்களைச் செப்பனிடும் பட்டறையான கோல்ஜி உறுப்பில் நொதிகள் இவற்றை ஒவ்வொன்றாகக் கோக்கின்றன.

சினைப்பைப் புற்றணுக்கள் பலவற்றில் எஸ்டி6கேல்-1 என்ற நொதி அளவுக்கு மீறி உருவாகிறது. சங்கிலியின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை ஒட்டுவது அதன் வேலை. இத்தனை சின்ன மாற்றம் என்ன செய்துவிடும்?

நம் எதிர்ப்பு அணுக்கள் டிஎன்எஃப் என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அது புற்றணுவின் மேல் சேதி வாங்கும் புரதமான ஏற்பியில் வந்து அமர்கிறது. ஏற்பி படலத்தில் நிற்கும் வரை உள்ளே போகும் சேதி, 'பிழைத்திரு'. கொஞ்ச நேரத்தில் படலம் குழிந்து ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம்தான் விஷயமே. அதே டிஎன்எஃப், அதே ஏற்பி, இப்போது உயிரணுவை உள்ளிருந்தே அழிக்கும் காஸ்பேஸ் நொதிகளை எழுப்பி 'செத்துப்போ' என்கிறது! நிற்கும் இடம் மாறினால் ஆணையே மாறிவிடுகிறது. அந்த ஏற்பியின் சங்கிலியில் சியாலிக் அமிலம் ஏறிவிட்டால் அது உள்ளே இழுபடுவதில்லை. வாசலிலேயே நின்று 'பிழைத்திரு, பிழைத்திரு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கொல்ல வந்த டிஎன்எஃப்பே புற்றணுவை வாழவைக்கிறது. அமெரிக்காவில் பர்மிங்காமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் சூசன் பெல்லிஸ் குழு 2018-இல் சினைப்பைப் புற்றணுக்களில் இதைக் காட்டியது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு இந்த அணுக்கள் அடங்காமல் போவதிலும் இதே நொதிக்குப் பங்கு உண்டு.

அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில், இந்தப் புற்றுநோயின் போக்கைக் கவனிக்க எடுக்கும் சிஏ-125 என்று ஓர் அளவு இருக்கும். அதுவும் சர்க்கரை அடர்ந்த புரதம்தான். வயிற்றின் உட்சுவரில் உள்ள மீசோதெலின் என்ற புரதத்தைத் தன் சர்க்கரைகளால் பற்றிக்கொண்டு, புற்றணு அங்கே வேர்பிடிக்க உதவுகிறது.

மரபணுவைப் போலச் சர்க்கரைச் சங்கிலியை நேரடியாகப் படிக்க முடியாது. அதனால் இத்துறை வெகுகாலம் ஓரத்திலேயே கிடந்தது. இதற்கு நிதி தாராளமாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, கேள்விக்கு வருவோம். சியாலிக் அமிலத்தைப் புற்றணு தானே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டில் சர்க்கரையைக் குறைத்தாலும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸை நிரப்பிவிடும். பட்டினியால் எடை குறைவது அம்மாவுக்குத்தான். கீமோவைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். நீரிழிவு இல்லையென்றால் அவர் காபியைச் சர்க்கரை போட்டே குடிக்கட்டும்.