நிவாரணம் கொடுத்தோம், கணக்கை யாரிடம் காட்டினோம்?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அடுத்த வாரமே வேதாரண்யம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் பின்னால் வரிசையாகப் புதுக் கழிப்பறைகள் போட்டோம். தகரத் தடுப்பு, சிமெண்ட் பீடம், வாளி, மக் எல்லாம் வந்துவிட்டன. ‘வேலை முடிந்தது’ என்று அறிக்கையில் எழுதி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பியும் ஆயிற்று.

மூன்றாம் நாள், முகாமைக் கூட்டிப் பெருக்கும் அக்கா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். “தம்பி, பொம்பளைங்க யாரும் அங்க போறதில்ல. விடியறதுக்கு முன்னாடி கருவக்காட்டுக்குத்தான் போறாங்க.”

போய்ப் பார்த்தேன். கதவுக்கு வெளிப்பக்கம் கொக்கி இருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. கரண்ட் வராத ஊர், இரவில் கும்மிருட்டு. பக்கத்திலேயே ஆண்கள் படுத்திருந்தார்கள். எந்தப் பெண் உள்ளே போவாள்? ஒரு தாழ்ப்பாள் ஐம்பது ரூபாய்கூட இருக்காது. அன்று சாயங்காலம் தாழ்ப்பாள் அடித்து, இரண்டு சோலார் விளக்கும் மாட்டினோம். மறுநாள் காலையில் அங்கே வரிசை நின்றது.

சுனாமிக்கு வந்த தன்னார்வலனாகத் தொடங்கி, இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். பொருளும் பணமும் வந்துசேர்ந்த பிறகும் ஏன் நிவாரணம் சில இடங்களில் மக்களுக்குப் போய்ச் சேர்வதில்லை என்று யாராவது கேட்டால் அந்தத் தாழ்ப்பாள்தான் நினைவுக்கு வரும். கழிப்பறை கட்டியதைப் பணம் கொடுத்தவருக்குச் சொல்லிவிட்டோம். அதைப் பயன்படுத்த வேண்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிவாரணப் பணிக்கு இவ்வளவு தரம் இருக்க வேண்டும் என்று உலகம் உட்கார்ந்து எழுதியதற்குப் பின்னால் பெரிய சாவு ஒன்று இருக்கிறது. 1994-ல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்து, ஜூலையில் லட்சக்கணக்கானவர்கள் சில நாட்களுக்குள் எல்லை தாண்டி அன்றைய ஜயீரின் (இன்றைய காங்கோ) கோமா நகருக்கு வந்து குவிந்தார்கள். அந்த மண் எரிமலைப் பாறை. கழிப்பறைக்கும் குழி தோண்ட முடியவில்லை, பிணங்களைப் புதைக்கவும் தோண்ட முடியவில்லை. காலரா பரவி, முதல் ஒரு மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள். உதவி நிறுவனங்களுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் அனுபவம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்து, ஆளாளுக்கு ஒரு வழியில் வேலை செய்தார்கள். இந்தக் குறைகளை 1996-ல் வந்த கூட்டு மதிப்பீட்டு அறிக்கை வெளிப்படையாகவே எழுதியது. அதையடுத்து 1997-ல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியதுதான் ஸ்பியர் திட்டம். அதன் கையேட்டின் நான்காம் பதிப்பு 2018-ல் வந்தது.

ஒரு மனிதருக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்கிறது அந்தக் கையேடு. நம் வீட்டுப் பெரிய பிளாஸ்டிக் குடத்தால் ஏறத்தாழ ஒரு குடம். குடிக்க, சமைக்க, குளிக்க, துணி அலச எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு குடம்தான். குழாய் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வரிசையில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வைக்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு கழிப்பறை, உள்ளிருந்து பூட்டும்படியாக. ஆம், தாழ்ப்பாளும் அதில் இருக்கிறது. படுக்க, புழங்க ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம். நம் கணக்கில் சுமார் 38 சதுர அடி, ஒரு கட்டிலும் அதைச் சுற்றி நடக்கிற இடமும்.

இந்த எண்களைக் கேட்டு, “மூன்று வேளைச் சோறு கிடைப்பதே பெரிசு, இதில் சதுர மீட்டர் கணக்கா?” என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசுள்ளவர்களே சொல்கிறார்கள். இருப்பதைக் கொடுக்கிறோம், கொடுப்பதை வாங்கிக்கொள்ளட்டும் என்ற எண்ணம். சுனாமி நேரத்தில் அந்த எண்ணம் என்ன செய்தது என்று நாகப்பட்டினத்தில் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கிழிந்த பேண்ட், பட்டன் இல்லாத சட்டை, மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத உடுப்புகள். யாரும் எடுக்காமல் சாலையோரம் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து நாற ஆரம்பித்தது. “வீடு போச்சு, பிள்ளை போச்சு, மானமும் போகணுமா?” என்று ஒரு அம்மா கேட்டார். அதே வாரம் அந்தப் பெண்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டவை புதுப் பாவாடை, உள்ளாடை, மாதவிலக்குத் துணி. அவை வந்த லாரிகள் மிகக் குறைவு.

அப்புறம் தற்காலிகக் குடியிருப்புகள். தார் பூசிய கறுப்பு ஷீட்டில் தாழ்வாகக் கட்டினார்கள். சித்திரை வெயிலில் உள்ளே கால் வைக்க முடியாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பகல் முழுக்க மர நிழல் தேடி உட்கார்ந்திருப்பார்கள். காசு இல்லாமல் அப்படிக் கட்டவில்லை. சுனாமிக்காகத் திரண்ட நிதியை உலகளாவிய மதிப்பீட்டுக் குழு ஒன்று 2006-ல் கணக்கிட்டபோது, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,000 டாலருக்கும் மேல் வந்தது. சுனாமி வந்த அதே 2004-ல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 3 டாலர்தான். அவ்வளவு பணம் இருந்தும் ஒரு கூரைக்கு எந்த ஷீட் போடலாம் என்று அதன் அடியில் குடியிருக்கப் போகிறவரிடம் கேட்க ஆள் இல்லை.

யார் பெயர் பட்டியலில் ஏறுகிறது என்பது இன்னும் ஆழமான பிரச்சினை. சுனாமியில் மீனவக் கிராமங்களுக்குப் பின்னால் இருந்த தலித் விவசாயக் கூலிகள், மீன் சுமக்கும் தொழிலாளர்கள், கழிமுகத்தில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர்கள் எனப் பலர் விடுபட்டுப் போனார்கள். கடலில் படகு இழந்தவர்தான் பாதிக்கப்பட்டவர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதும், பட்டியலை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தார் வழியாகவே தயாரித்ததும் காரணம். உப்பேறிய வயலில் வேலை இழந்தவரிடம் ரேஷன் கார்டும் இல்லை, சொந்தமாகப் படகும் இல்லை. “உங்க பேர் லிஸ்ட்ல இல்ல” என்ற ஒரே வரி அவருக்குப் பதிலாகக் கிடைத்தது. கஜாவிலும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளில் இதே வரியைக் கேட்டேன்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 2005-ம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-வது பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பாலினம், சாதி, சமூகம், மதம் பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. 12-வது பிரிவு, முகாம்களில் இருப்பிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்கிறது. அதன்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வகுத்ததில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெரியவர்களுக்கு நாளைக்கு 2,400 கலோரி உணவு என்று எழுதியிருக்கிறது. விதவைகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்பதும் அதே 12-வது பிரிவுதான். முகாமில் இருப்பவர் தைரியமாகக் கேட்கலாம். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது என்பதை அவரிடம் சொல்வது எங்களைப் போன்றவர்களின் வேலை.

இனி கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தொண்டு நிறுவனம் நிதி கொடுத்தவருக்கு மாதா மாதம் அறிக்கை அனுப்புகிறது. ஆடிட்டர் வருகிறார், பில்லைப் பார்க்கிறார். இதெல்லாம் தேவைதான். ஆனால் இது முழுக்க மேலே போகும் கணக்கு. கீழே, பொருள் வாங்கியவருக்கு, எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு கிராமத்தில் பத்துக் கிலோ அரிசி மூட்டை கொடுத்துக்கொண்டிருந்தோம். வயதான ஒரு அம்மா மூட்டையை வாங்கி, அங்கேயே பிரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த படியால் முறத்தில் அளக்க ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்களுக்குக் கோபம். அவர் சட்டை செய்யவில்லை. அளந்து முடித்துவிட்டு, “என் படி பொய் சொல்லாது, இது பத்து இல்ல” என்றார். பக்கத்து மளிகைக் கடைத் தராசை வாங்கிவந்து நிறுத்தோம். ஒன்பது கிலோ சொச்சம். அடுத்த மூட்டையும் அப்படியே. சப்ளை செய்தவர் ஒவ்வொன்றிலும் குறைத்திருந்தார். எங்கள் ஸ்டாக் ரெஜிஸ்டரிலும் நன்கொடையாளருக்குப் போன அறிக்கையிலும் பத்துக் கிலோ என்றே இருந்தது. அந்த அம்மா அளக்காமல் இருந்திருந்தால் அது அப்படியே நிஜமாகியிருக்கும். அன்றிலிருந்து நான் நிற்கும் விநியோகத்தில் ஒரு தராசு வெளியே மேஜைமேல் இருக்கும். யார் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு சார்ட்டில் ஒரு குடும்பத்துக்கு என்னென்ன, எவ்வளவு, யார் பணம், இந்த ஊருக்கு மொத்தம் எத்தனை, யாரை முதலில் சேர்த்தோம், ஏன் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம்.

2014 டிசம்பரில் மனிதாபிமானப் பணிக்கான அடிப்படைத் தரம் என்று ஒன்று வந்தது. களத்தில் சி.எச்.எஸ். என்போம். உதவி நிறுவனங்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் ஒன்பது உறுதிமொழிகள், 2024-ல் திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது புகார் பற்றியது. புகாரை வரவேற்க வேண்டும், விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். கேட்க எளிமையாக இருக்கும். எத்தனை முகாம்களில் புகார்ப் பெட்டி பார்த்திருக்கிறேன், அதைத் திறந்து பார்த்ததைத்தான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு முகாமில் பெட்டியின் சாவி சென்னை அலுவலகத்தில் இருந்தது. இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது நோட்டுத் தாளில் ஒரு கடிதம். நாப்கின் பாக்கெட்டை ஆண் பிள்ளைகள் மைக்கில் பேர் கூப்பிட்டுக் கொடுத்ததால் வயசுப் பெண்கள் வாங்காமலே போய்விட்டார்கள், ஒரு அக்காவை விட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. அதற்குள் முகாமே கலைந்துவிட்டது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பெட்டி மட்டும் வைத்தால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான் பேசுவார். பெண் ஊழியர் ஒருவர் தினமும் குழாயடியிலும் அடுப்படியிலும் போய் உட்கார வேண்டும். தகவல் அங்கேதான் கிடைக்கும். ஒரு போன் நம்பர் வேண்டும், அதை எடுக்க ஆள் வேண்டும். வந்த புகாருக்கு என்ன செய்தோம், செய்ய முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்பதை வாரம் ஒரு முறை ஊர் கூட்டிச் சொல்ல வேண்டும்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. நம் ஊரில் வாய் திறந்து பேசத் தயங்கும் விஷயம். 2002-ல் கினி, லைபீரியா, சியரா லியோன் அகதி முகாம்களில் உதவிப் பணியாளர்களே உணவுக்கும் பொருளுக்கும் பதிலாகச் சிறுமிகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதாகத் தகவல் வெளிவந்து உலகமே அதிர்ந்தது. 2003-ல் ஐ.நா. அதற்கெனக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. பொருள் கையில் இருப்பவருக்கும் பசியில் இருப்பவருக்கும் நடுவே அவ்வளவு பெரிய அதிகார வித்தியாசம் இருக்கிறது, அது எந்த ஊரிலும் இருக்கிறது. அதனால் எங்கள் சார்ட்டின் கடைசி வரி எப்போதும் இதுதான்: ‘இந்தப் பொருள் இலவசம். இதற்காக யாராவது பணமோ வேறு எதுவோ கேட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், பெண் ஊழியர் பேசுவார்.’

நன்கொடை கொடுப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். “என் பணத்தில் ஒரு ரூபாய்கூட நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது” என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள். உங்கள் நோக்கம் புரிகிறது. ஆனால் குழாயடியில் உட்காரும் அந்தப் பெண்ணின் சம்பளமும், போன் எடுப்பவரின் சம்பளமும், மறுபடி போய்ச் சரிபார்க்கும் பஸ் செலவும் அந்தத் தலைப்பில்தான் வருகின்றன. அதை வெட்டினால் முதலில் போவது புகார் கேட்கும் காதுதான். பொருள் கொடுக்கிற போட்டோவைக் கேட்பதற்குப் பதிலாக, “என்ன புகார் வந்தது, என்ன மாற்றினீர்கள்?” என்று கேளுங்கள். புகாரே வரவில்லை என்று பதில் வந்தால் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். பழைய துணி அனுப்புவதற்கு முன் அந்த ஊரில் யாருக்காவது ஒரு போன் போட்டு என்ன வேண்டும் என்று விசாரியுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்னால், எங்கள் வண்டியில் சாமான் ஏற்றுவோம். தார்ப்பாய், கயிறு, குளோரின் மாத்திரை எல்லாம் பட்டியல்படி ஏறும். அதற்கு முன்னாலேயே நான் என் கையால் மூன்று சாமான்களை வைத்துவிடுவேன். ஒரு தராசு, ஒரு கட்டு சார்ட் பேப்பரும் மார்க்கரும், அப்புறம் ஒரு பை நிறையத் தாழ்ப்பாள், ஸ்க்ரூவோடு.